படகு வருமுன் திறந்த கணினிகள்

எங்கள் தலைமை அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில் வருடக்கணக்காக இரைந்துகொண்டிருந்த சேர்வரை, எங்கள் மையக் கணினியை, அடுத்த மாதம் நிறுத்தப் போகிறார்களாம். இனி எல்லாம் இணையத்தின் வழியே, எந்த நாட்டில் என்றே தெரியாத இயந்திரங்களில் நடக்குமாம். அதை முன்னிட்டு எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் சிறு மலர் ஒன்று போடுகிறார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் மறக்காமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, நீங்கள் பிடிச்ச பெரிய பிழை ஒண்டைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள்.

நான் பிடித்த பெரிய பிழை ஒன்று உண்டு. அதைச் செய்தவனும் நான்தான். மலருக்கு இது பொருந்துமோ தெரியாது. பொருந்தாவிட்டால் எனக்குத் திருப்பி அனுப்பாமல் அவர்களே கிழித்துப் போடலாம்.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். காணிப் பத்திரம், பதிவுச் சான்றிதழ் என்று மக்களுக்குத் தேவையான ஆவணங்களின் பிரதிகளை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. தலைமை அலுவலகம் யாழ்ப்பாண நகரில். கிளைகள் ஊர்காவற்றுறையில் ஒன்று, நெடுந்தீவில் ஒன்று, இன்னும் சில. கொழும்பிலும் ஓர் அலுவலகம் இருந்தது. நான் காரைநகர்க்காரன். தட்டச்சு இயந்திரம் திருத்துபவனாகத்தான் உள்ளே போனேன். மூன்றாம் வருடம் கணினி வந்தது. கொழும்புக்கு ஆறு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சாப்பாடு ஒத்துவரவில்லை, பாடம் ஒத்துவந்தது. திரும்பி வந்தபோது, இதைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அது இறங்குவதற்குப் பல வருடம் எடுத்தது.

அந்த நினைப்பைக் கொஞ்சமாவது அடக்கி வைத்தவர் எங்கள் பிரிவின் தலைவர் நவரத்தினம் சேர். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நாங்கள் கொடுக்கும் அறிக்கையைப் பென்சிலோடுதான் வாசிப்பார். "மிகவும்", "முற்றாக", "வெற்றிகரமாக" என்ற சொற்கள் வந்தால் மெல்லக் கோடு போட்டு வெட்டுவார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். பிழை திருத்தியாயிற்று என்று சொன்னால், எப்படித் தெரியும்? கம்பி அறுந்திருந்தது என்றால், எப்படித் தெரியும்? பதில் சொல்ல முடியாவிட்டால் அறிக்கை எங்கள் கைக்குத் திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, அவர் விடுமுறையில் நிற்கும் நாளாகப் பார்த்து அறிக்கை கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

இனி விடயத்துக்கு வருகிறேன். காலையில் ஓர் உத்தியோகத்தர் கணினியில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடிக்கிறார். அந்தக் கணினி தானாக அவரை உள்ளே விடுவதில்லை. எங்காவது ஒரு சேர்வரைத் தேடிப் பிடித்து, "இவர் எங்கள் ஆள்தானா?" என்று கேட்கும். சேர்வர் ஓம் என்றால், அவருடைய மேசைப் படம், கோப்புகள், அச்சு இயந்திரம், அவருக்கு எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்ற கட்டளைகள் எல்லாம் அங்கிருந்து வந்து இறங்கும். இறங்கி முடியும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றும். இது ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய காரியம். பதினைந்து நிமிடம் சுற்றினால் எனக்குக் கடிதம் வரும்.

முதல் கடிதம் ஊர்காவற்றுறையிலிருந்து வந்தது. அங்கே ஒரு அம்மாவுக்கு மட்டும் உள்ளே போக இருபது நிமிடமாகும், மற்றவர்களுக்கு ஒரு நிமிடம். போய்ப் பார்த்தால் அவருடைய கணினியின் முகப்பில் ஊர்க் கோயில் தேர்த் திருவிழாக் காணொளிகள், மூன்று வருடத்துத் தேர், மூன்று வருடத்துத் தீர்த்தம். கனடாவிலிருக்கும் தம்பிக்கு அனுப்பச் சேர்த்து வைத்தவை. ஒவ்வொரு காலையும் அந்த மூன்று தேரையும் சேர்வர் யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு இழுத்து வந்துகொண்டிருந்தது. அவற்றை வேறிடத்துக்கு மாற்றியதும் ஒரு நிமிடத்தில் கணினி திறந்தது. அந்த அம்மா எனக்குப் பனங்காய்ப் பணியாரம் தந்து அனுப்பினார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம் பிறந்துவிட்டது. உள்நுழைவு தாமதமென்றால் குற்றவாளி பாவனையாளர். ஆயுதம், முகப்பில் கிடக்கும் படங்கள்.

இதற்குச் சில மாதங்களின் பின்னர்தான் நெடுந்தீவுக் கிளைக்குப் புதிய இணைப்புக் கொடுத்தோம். பழைய தொலைபேசிக் கம்பியை விட்டுவிட்டுக் கோபுரத்து இணைப்புக்கு மாறினோம். அதற்காக அங்கிருந்த ஏழு கணினிகளின் இலக்கங்களையும் நான் மாற்றினேன். ஒவ்வொரு கணினிக்கும் வலையமைப்பில் ஓர் இலக்கம் உண்டு. வீட்டு முகவரி மாதிரி. ஏழுக்கும் புது முகவரி போட்டேன், எல்லாம் வேலை செய்தது, அடுத்த படகில் திரும்பி வந்தேன்.

இரண்டு கிழமையில் நெடுந்தீவிலிருந்து முறைப்பாடு. காலையில் உள்ளே போக அரை மணித்தியாலம் ஆகிறதாம். சில நாள் பிரச்சினையில்லையாம், சில நாள் எல்லோருக்குமாம்.

நெடுந்தீவுக் கிளையின் நாள் படகோடுதான் தொடங்கும். ஏழு பேரில் ஐந்து பேர் யாழ்ப்பாணப் பக்கம், மற்ற இருவர் தீவிலேயே இருப்பவர்கள். அந்த ஐவரும் விடியப் பேருந்து ஏறி, மடத்துவெளி தாண்டிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, படகில் ஒரு மணித்தியாலம் வந்து, ஒன்பது மணிக்குப் பிறகுதான் கதிரையில் இருப்பார்கள். பின்னேரப் படகுக்கு எழும்ப வேண்டும். இடையில் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதில் அரை மணித்தியாலம் வட்டம் சுற்றினால், எட்டு மணியிலிருந்து வாசலில் வரிசையில் நிற்கும் சனம் என்ன செய்யும்?

நானும் அவர்களோடு அதே படகில் போய் இறங்கினேன். கிளைப் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்து ஊர்க் கதை பேசினார். நான் எழும்பிக் கணினிப் பக்கம் போனபோது எல்லோரும் எப்படியோ உள்ளே போய்விட்டிருந்தார்கள். ஒரு கணினியை நிறுத்தி, என் கணக்கால் திறந்து பார்த்தேன். கண் மூடித் திறக்குமுன் திறந்தது. முகப்பில் பார்த்தேன், படங்கள். பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு, கோயில், தீவின் காட்டுக் குதிரை. என் சட்டம் வென்றது. "படங்களை அகற்றவும்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறைப்பாடு. மறுபடி போனேன், மறுபடி அதே தேத்தண்ணி, அதே பரிசோதனை, அதே தீர்ப்பு. மூன்றாம் முறைப்பாட்டுக்குப் போனபோது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கடல் கொந்தளித்து, உடுப்பெல்லாம் உப்பு. ஏழு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, இன்னொரு கடிதம் வந்தால் அரச கணினியைச் சொந்த அலுவலுக்குப் பாவித்தவர்கள் என்று ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி மேலே கொடுப்பேன் என்று ஏசினேன்.

அதோடு முறைப்பாடு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருடம், ஒரு கடிதமும் இல்லை. தீவுக் கிளையின் நீண்டகாலப் பிரச்சினையைத் தீர்த்தவர் என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நவரத்தினம் சேர் கையெழுத்து வைத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு விறாந்தையில் மாட்டினேன்.

மூன்று வருடம் போயிற்று.

ஒரு நாள் உள்ளகப் பரிசோதனை அதிகாரி ஒருவர் எங்கள் சேர்வரின் பதிவுகளைத் துருவிக்கொண்டிருந்தார். யார் எந்த நேரம் எந்தக் கணினியில் உள்ளே போனார்கள் என்று அதில் இருக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்து நெடுந்தீவுக்குப் படகே ஓடாத ஒரு நாளின் பதிவு அவர் கண்ணில் பட்டது. அன்று காலை ஏழு மணிக்குப் பிறகு நெடுந்தீவுக் கிளையின் ஐந்து உத்தியோகத்தர்கள், தங்கள் தங்கள் பெயரில், தங்கள் தங்கள் கணினியில் உள்நுழைந்திருந்தார்கள். ஐவரும் அப்போது குறிகட்டுவானில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மேலும் தோண்டினார். ஒவ்வொரு வேலை நாளும் அப்படித்தான். படகு வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தி ஐந்து பேரும் உள்ளே.

தீவிலேயே இருந்த இருவரில் கிளையின் திறப்பை வைத்திருந்தவர் ஒரேயொருவர். கலாமதி. நெடுந்தீவிலேயே வீடு, தற்காலிக அலுவலக உதவியாளர், நாற்பது வயதிருக்கும். கணவன் கடலில் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியே இருக்கிறவர். ஏழு வருடத் தற்காலிக வேலைக்குப் பிறகு அவருடைய நிரந்தர நியமனக் கடிதம் அப்போதுதான் கையெழுத்துக்குப் போயிருந்தது. அது நிறுத்தப்பட்டது. மற்றவர்களின் கடவுச்சொல்லைத் திருடிப் பாவித்ததாக விசாரணை வைத்தார்கள். நிரூபணமானால் நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை. தனக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது என்று கிளைப் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

விசாரணைக்குத் தொழில்நுட்பச் சாட்சி வேண்டும். நவரத்தினம் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் திறந்தது எண்டு பரிசோதனைக்காரர் பாத்திட்டினம்," என்றார். "ஏன் திறந்தது எண்டு நீர் போய்ப் பாரும். படகில வாற ஆக்களோட போகாதையும். முதல் நாளே போய் நில்லும்."

முதல் நாள் பின்னேரம் போய் விடுதியில் தங்கி, காலை ஏழு மணிக்குக் கிளையின் கல்வேலியடியில் நின்றேன். கலாமதி ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது, ஆனால் தடுமாறவில்லை.

"ஒளிக்க ஒண்டுமில்லை அண்ணை. நான்தான் திறக்கிறனான். இருந்து பாருங்கோ," என்றார்.

பார்த்தேன். மேசை லாச்சியிலிருந்து ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்தார். முதல் பக்கத்தில் ஐந்து பெயர், ஐந்து கடவுச்சொல். ஏழு கணினியையும் ஒரு ஒழுங்கில் இயக்கினார். மூலையில் இருக்கும் பழையதை முதலில், பொறுப்பாளரின் புதியதைக் கடைசியில். மற்ற உள்ளூர்க்காரர் தானே வந்து திறப்பாரென்று அவருடையதை விட்டு, மீதி ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரையும் சொல்லையும் அடித்துவிட்டு, வட்டம் சுற்ற விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பிறகு கூட்டினார். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிள்ளையார் படத்துக்குச் செவ்வரத்தம்பூ வைத்தார். திரும்பி வந்து, எது திறந்திருக்கிறது என்று பார்த்துக் கொப்பியில் நேரத்தைக் குறித்தார்.

அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கணினிக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்திருந்தது. இரண்டு, முப்பத்தைந்து, இருபத்தெட்டு, ஒன்று, நாற்பது. எதற்காக இதைக் குறித்தீர் என்று கேட்டேன். எது எப்போது முந்தித் திறக்கும் என்று தெரிந்தால் ஒழுங்கை மாற்றிப் போடலாமே என்று பார்த்தாராம். ஒரு முறையும் பிடிபடவில்லையாம். பிறகு, நான் என்ன நினைப்பேனோ என்ற தயக்கத்தோடு அவர் கேட்டது இது:

"படத்தாலை எண்டால் அண்ணை, படம் ஒவ்வொரு நாளும் அதே பாரம்தானே? பிறகேன் அதே கொம்பியூட்டர் ஒரு நாளைக்கு ரெண்டு நிமிசம், அடுத்த நாளைக்கு முப்பத்தஞ்சு?"

நான் கொழும்பில் ஆறு கிழமை படித்தவன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"இதை ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றார். பழி சொல்லும் குரலில் அல்ல. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

முப்பத்தொன்பது நிமிடத்தில் திறந்த பழைய கணினியில் போய் இருந்தேன். கறுப்புச் சாளரத்தைத் திறந்து, இன்று இந்தக் கணினி எந்தச் சேர்வரிடம் போய்க் கேட்டது என்று காட்டும் கட்டளையை அடித்தேன். கொழும்புச் சேர்வரின் பெயர் வந்தது. இரண்டு நிமிடத்தில் திறந்த பக்கத்துக் கணினியில் அடித்தேன். யாழ்ப்பாணச் சேர்வரின் பெயர் வந்தது. மீதி ஐந்தையும் பார்த்தேன். தாமதித்ததெல்லாம் கொழும்பு. விரைவெல்லாம் யாழ்ப்பாணம்.

சேர்வரில் ஒரு பட்டியல் இருக்கும். இன்ன முகவரியிலுள்ள கணினி இன்ன ஊர்க்காரன், ஆகவே அவன் இன்ன சேர்வரிடம் போகட்டும் என்று அதில் நாங்கள் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் கணினி வழி தெரியாத ஆள் மாதிரி, அகப்பட்ட கதவைத் தட்டும். ஒரு நாள் யாழ்ப்பாணம், ஒரு நாள் கொழும்பு. கொழும்புக்கான எங்கள் பாதை அந்தக் காலத்தில் ஒற்றையடிப் பாதை. ஏழு பேரின் சாமான்கள் அதனூடாக வர வேண்டும்.

நெடுந்தீவிலிருந்தே யாழ்ப்பாணச் சேர்வரைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். நெடுந்தீவுக் கிளையின் பழைய முகவரிகள் அப்படியே இருந்தன. புதிய முகவரிகள் இல்லை. மாற்றியவன் நான். பட்டியலில் எழுத மறந்தவனும் நான். அதோடு விட்டதா? "எந்த ஊரென்று தெரியாத கணினிகள் வந்து கேட்கின்றன" என்று சேர்வர் மூன்று வருடத்துக்கு மேலாக எச்சரிக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. மஞ்சள் நிற எச்சரிக்கை. நான் ஒவ்வொரு காலையும் சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவன்.

என் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை? நான் உள்ளே போனது பராமரிப்புக் கணக்கால். அது கணினிக்குள்ளேயே இருப்பது. எந்தச் சேர்வரையும் கேட்காமல் திறக்கும். மூன்று முறை கடல் கடந்து போய், கேள்வியே கேட்காத கதவைத் திறந்து பார்த்து, கதவு நன்றாகத் திறக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணலென்றாளாம். நான் அதற்கு மேலே போய், கூடத்தில் இருந்தவர்களை எழுப்பி நிறுத்தி ஏசியும் விட்டிருக்கிறேன்.

திருத்தம் ஒரேயொரு வரி. அந்த வரியை எழுதி, அது எல்லாச் சேர்வருக்கும் போய்ச் சேரும்வரை காத்திருந்து, பழைய கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். கலாமதியை அவருடைய சொந்தப் பெயரில் உள்ளே போகச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது விநாடி. இன்னொன்று. நாற்பத்தைந்து விநாடி.

"இவ்வளவுதானோ அண்ணை?" என்றார்.

ஓம் என்றேன். அந்தக் கொப்பியைப் பார்க்கவே முடியவில்லை. ஏன் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டீர் என்று கேட்டேன். நான் ஏசிவிட்டுப் போனபிறகு இனி எழுதக்கூடாது என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். வரிசையில் நிற்கிற சனமெல்லாம் ஊர்ச் சனம், தெரிந்த முகங்கள், வயது போனவர்கள். தான் இங்கேதானே இருக்கிறேன், முந்தி வந்து திறந்து வைத்தால் அதுகள் வெயிலில் நிற்கத் தேவையில்லை என்று நினைத்தாராம். கடவுச்சொற்களை ஐவரும் தாங்களாகவே எழுதிக் கொடுத்தார்களாம். இதற்கு அவருக்கு மேலதிக நேரம் எழுதியவர் யாருமில்லை.

அதற்குள் படகு வந்துவிட்டது. ஐந்து பேரும் உள்ளே வரும்போது நான் எல்லாக் கணினிகளையும் நிறுத்தித் திரும்பப் போட்டிருந்தேன். கொப்பியின் முதல் பக்கத்தைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இன்றிலிருந்து அவரவர் கணினியை அவரவரே திறக்க வேண்டும் என்றேன். ஐந்து பேரும் கதிரையில் இருந்தார்கள். ஐந்து பேரும் விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். மூன்று வருடம் அடிக்காத சொல் விரலுக்கு எப்படி ஞாபகம் வரும்? ஒருவர் தன் மகனின் பிறந்த நாளை அடித்தார். இன்னொருவர் ஊர்க் கோயிலின் பெயரை மூன்று விதமாக அடித்துப் பார்த்தார். கடைசியில், தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்த பொறுப்பாளர்தான் முதலில் திரும்பினார்.

"கலா, என்ர பாஸ்வேட் என்ன?"

கேட்டபிறகுதான் நான் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. காது சிவந்துவிட்டது. நான் என் குறிப்புப் புத்தகத்தில் நேரத்தையும் கேள்வியையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பின்னேரப் படகில் திரும்பும்போது என் புத்தி வேறு பக்கம் ஓடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. பிழை திருத்தியாயிற்று. கலாமதியின் நோக்கம் நல்லதென்று ஒரு வரி எழுதிவிடலாம். காரணத்துக்கு, "இணைப்பின் தன்மை" என்று பொதுவாக ஒன்றை எழுதலாம். பட்டியலில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்ததை எங்கள் பிரிவில் வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. எனக்கு ஓய்வுக்குப் பக்கம் வந்துவிட்டது, ஒரு பதவியுயர்வும் மிச்சமிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எங்கள் தொழிலில் கடினமே இல்லை. சோறு என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது.

ஆனால் "இணைப்பின் தன்மை" என்று எழுதினால் விசாரணைக்காரர் என்ன கேட்பார்? மூன்று வருடமாகத் தாமதமென்றால் ஏன் கலாமதி முறையிடவில்லை, ஏன் களவாகத் திறந்தார் என்பார். அதற்கான பதில் என்னிடம்தான் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும். குறிகட்டுவானில் இறங்குமுன் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றாமல், இருந்து எழுதினேன். மூன்று வருகை, பராமரிப்புக் கணக்கு, மஞ்சள் எச்சரிக்கை, நான் ஏசிய வார்த்தைகள், எல்லாவற்றையும் எழுதினேன்.

மறுநாள் நவரத்தினம் சேர் அதைப் பென்சிலோடு வாசித்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் கேள்விக்குக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பழைய கோப்பு ஒன்றை எடுப்பித்து, என் பாராட்டுக் கடிதத்தின் பிரதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரணைக்கு நானும் வாறன்," என்றார்.

விசாரணை தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. கலாமதி வெளிறிய நீலச் சேலையில், கையில் அந்தக் கொப்பியோடு வந்திருந்தார். தலைவர் நான் நினைத்த கேள்வியைத்தான் கேட்டார், ஏன் முறைப்படி அறிவிக்கவில்லை என்று.

"அறிவிச்சனாங்கள் ஐயா. மூண்டு தரம். ஒவ்வொரு தரமும் வந்து பாத்திட்டுச் சரி எண்டு எழுதினவை," என்றார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழுந்து, எழுதியவன் நானென்று சொன்னேன். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் ஒரு பிழை இருந்தது எப்படித் தெரியாமல் போயிற்று என்று தலைவர் கேட்டபோது, எனக்குப் பக்கத்திலிருந்த நவரத்தினம் சேர் எழுந்தார்.

"இவர் சரி எண்டு எழுதின அறிக்கையை ஏற்றுக்கொண்டது நான். பாராட்டிக் கையெழுத்து வைச்சதும் நான். எப்பிடித் தெரியும் எண்டு அண்டைக்கு நான் இவரைக் கேக்கேல்லை. ரெண்டு பேற்ற பிழையையும் ஒரு தற்காலிக ஊழியர் மூண்டு வருசம் தன்ர கையால சுமந்திருக்கிறா. எழுதிக்கொள்ளுங்கோ."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

தீர்ப்பு நியாயமாகத்தான் இருந்தது. இன்னொருவரின் கடவுச்சொல்லைப் பாவித்தது பிழைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்குக் கலாமதிக்கும், சொல்லைக் கொடுத்த ஐவருக்கும் எழுத்தில் அறிவுரை. பொறுப்பாளருக்கு, தெரியாதென்று எழுதியதற்காகத் தனியாக ஒன்று. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், பதவியுயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. பாராட்டுக் கடிதத்தை நானே சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலாமதியின் நியமனத்தை நிறுத்தி வைக்கக் காரணமில்லை என்று குழு எழுதியது. அந்த ஒரு வரியை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. மேசையின் கீழ் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் கிளைகளுக்குப் போனால் முதலில் தேத்தண்ணி குடிப்பதில்லை. பாவனையாளரின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, நீங்கள் ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறீர்களோ அதைச் செய்யுங்கோ, நான் பார்க்கிறேன் என்பேன். மஞ்சள் எச்சரிக்கைகளையும் வாசிப்பேன். மலர் போடும் பிள்ளைகளே, சேர்வர் எங்கே போனாலும் இந்த இரண்டையும் விட்டுவிடாதேயுங்கோ.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கலாமதி தொலைபேசியில் கூப்பிட்டார். நியமனக் கடிதம் போன வெள்ளிக்கிழமைப் படகில் வந்ததாம். சந்தோசம் என்றேன். அதற்கு ஓம் என்று சொன்னார், ஆனால் அவர் கூப்பிட்டது வேறொன்றைச் சொல்ல.

"இண்டைக்கு எட்டரைக்குத்தான் அண்ணை நான் வேலைக்கு வந்தனான். பிள்ளையள் பள்ளிக்கூடம் வெளிக்கிடேக்கை நானும் வீட்டில நிண்டனான். சின்னவளைக் கூப்பிட்டு இருத்தித் தலை பின்னி விட்டனான்."

நல்லது என்றேன்.

"இந்த மூண்டு வருசத்தில அவள் தானாப் பின்னப் பழகியிட்டாள் அண்ணை. எண்டாலும் பேசாமல் இருந்தவள், நான் பின்னி முடிக்குமட்டும்."